லயத்தின் இரவும் ஈரடிப்பு எஞ்சினும்

ஹட்டன் நகரிலிருந்து கினிகத்தேனையை நோக்கி இறங்கும் பெருந்தெருவில், மலைச்சரிவுகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர் வட்டவளை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் அமைந்த இவ்வூர், இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இம்மண்ணில், மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து சேர்ந்துவிட்டால் லயத்துத் தகரக் கூரைகளின்மேல் மழையைத் தவிர வேறு ஓசை எதுவும் செவிக்கு எட்டுவதில்லை. அருகிலிருப்பவரோடு பேசுவதற்கும் குரலை உயர்த்த வேண்டும். ஆயின் தை, மாசி மாதங்களில் நிலைமை வேறு. வானம் தெளிந்து, பனி இறங்கி, பள்ளத்தாக்கு முழுவதும் அமைதியில் மூழ்கும். அவ்வமைதியில் புகையிரதத்தின் ஊதலொலி மலைக்கு மலை தாவிச் செல்வதைப் படுத்திருந்தவாறே கேட்கலாம். 1884 ஆம் ஆண்டு ஹட்டனை வந்தடைந்த இருப்புப்பாதை இவ்வூரின் ஊடாகவே செல்கின்றது.

இத்தகைய தெளிந்த இரவுகளிலேதான் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஸ்கூட்டர் ஒரு பிரச்சினையாக உருவெடுத்தது.

அவ்வாசிரியர் தோட்டத்திலே பிறந்து, தோட்டப் பாடசாலையிலே படித்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கே முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தவர். ஓய்வுபெற்ற பின்னரும் அவருடைய பணி ஓயவில்லை. பணியக் கணக்கிலுள்ள மாரியம்மன் கோயில் மண்டபத்தில், சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவருக்கு மாலை ஆறு மணி தொடக்கம் எட்டரை மணி வரை கட்டணமின்றி வகுப்பு நடத்தினார். வகுப்பு முடிந்ததும், மேட்டு லயத்துக்கு அப்பாலிருக்கும் தமது சிறிய வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்புவார். 1994 இல் பழையதாகவே வாங்கப்பெற்ற அது வெஸ்பா வகையைச் சேர்ந்த, 150 கன சென்ரிமீற்றர் கொண்ட ஈரடிப்பு எஞ்சின் பூட்டிய ஸ்கூட்டர். மேட்டு லயத்தின் முன்னால் ஏறும் பாதை செங்குத்தானது. இரண்டாம் கியரில், விசையை முழுமையாகத் திருகினாலன்றி ஸ்கூட்டர் அதனை ஏறாது. ஆகவே ஒவ்வோர் இரவும் ஒன்பது மணியளவில் அந்த லயத்தின் இருபது காம்பராக்களும் அதிர்ந்து ஓய்ந்தன.

முன்னர் அது அவ்வளவு இரைச்சலிடும் வாகனமன்று. 2022 ஆம் ஆண்டு நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றபோது, ஸ்கூட்டர் பல மாதங்கள் வீட்டோரத்தில் அசையாமல் நின்றது. வட்டவளையின் மழை அதன்மேல் பெய்தது. எரிபொருள் மீண்டும் கிடைத்து, 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை உதைத்து இயக்கியபோது எழுந்த ஓசை துப்பாக்கி வெடிப்பதை ஒத்திருந்தது. புதிய வாகனம் ஒன்றை நினைத்துப் பார்க்கவும் இயலாத காலம் அது. 2020 இல் விதிக்கப்பெற்ற வாகன இறக்குமதித் தடையினால் பழைய வாகனங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றிருந்தது. ஆசிரியரும் ஓசையைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ஓடினாற் போதும் என்று இருந்தார்.

ஓசையை அவர் பெரிதாகக் கொள்ளாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை விளங்கிக்கொள்ளத் தோட்டத்தில் ஓசைக்கும் அதிகாரத்துக்கும் இருந்த தொடர்பை நோக்குதல் வேண்டும். தோட்டத்து மக்கள் தம் வாழ்வின் நேரத்தைத் தாமே வகுத்துக்கொண்டவர்கள் அல்லர். விடியலுக்கு முன் அடிக்கப்பெற்ற தப்பு அவர்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. பின்னர் ஆலைச் சங்கு அப்பணியை ஏற்றது. சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் ஓசை மலை முடக்கில் கேட்டவுடன், கொழுந்து பறிப்போரின் பேச்சு நிற்கும், கைகள் விரையும். அக்காலத்தில் இயந்திர ஓசை எழுப்பும் உரிமை ஒரு சாராருக்கே உரியதாயிருந்தது. ஏனையோர் அதனைக் கேட்டு நடப்பவர்கள்.

ஆசிரியரின் தந்தையார் தோட்டத்துத் தப்பால்காரர். தபாற் கந்தோரிலிருந்து பையைச் சுமந்து வருவதற்கு அவரிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. பங்களாவின் முன்புறப் பாதை வந்ததும் அவர் சைக்கிளை விட்டு இறங்கி, தலைப்பாகையைக் கையிலெடுத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டிச் செல்வார். யாரும் பார்க்காத வேளையிலும் அவ்வாறே செய்வார். பையனாயிருந்த ஆசிரியர் ஒருநாள் பின்னால் நடந்து சென்றபோது, “ஏறிப் போனா என்னப்பா?” என்று கேட்டார். தந்தையார் விடை கூறவில்லை. பங்களா மறைந்த பின்னரே மீண்டும் சைக்கிளில் ஏறினார். தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமாரும் மாறினர். ஆயினும் அச்சிறுவன் கண்ட காட்சி மாறவில்லை. தாம் ஒரு வாகனம் வாங்கினால் எந்தப் பாதையிலும் அதனை விட்டிறங்கி உருட்டுவதில்லை என்று அவர் தமக்குள் விதித்துக்கொண்டார். தோட்டத்துப் பாதையில், தோட்டத்திலே பிறந்தவன் ஒருவனின் எஞ்சின் ஒலிக்கின்றது என்பதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது. அந்நிறைவை அற்பமானது என்று தள்ளிவிடுதல் எளிது, நியாயமாகாது.

மாசி மாதத்தில் ஒருநாள் வகுப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தூங்கி விழுந்தான். தமையன்மார் படிப்பதைக் கேட்க வந்து, பின்னர் தானும் ஒரு மூலையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கியவன் அவன். மறுநாளும் தூங்கினான். மூன்றாம் நாள் ஆசிரியர் சற்றுக் கடுமையாகவே கேட்டபோது, அவன் நெடுநேரம் நிலத்தைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னான்:

“பாப்பா முழிச்சிக்கிது சேர். அப்புறம் அம்மாவும் தூங்குறதில்ல. நான்தான் தொட்டில் ஆட்டுறது.”

“எப்போது விழிக்கின்றது?”

“நீங்க வர்றப்போ சேர்.”

சிறுவனின் தாய் மேட்டு லயத்தில் வசிக்கும் கொழுந்துத் தொழிலாளி. ஆசிரியரின் பழைய மாணவி. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். குழந்தை எடை குறைந்து பிறந்தது. அதனைப் பாலூட்டி எட்டு மணிக்கு உறங்கவைத்தால், விடியற்காலை நாலரை மணிக்கு அவள் எழும்வரை ஓரளவு ஓய்வு கிடைக்கும். ஒன்பது மணிக்கு ஸ்கூட்டர் ஏறும்போது அவ்வுறக்கம் கலைந்தது. அந்த லயமோ பழைய காலத்துக் கட்டடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள், கூரைவரை எழாத இடைச்சுவர்கள், மேலே தகரம். ஒரு காம்பராவில் விழித்த குழந்தையின் அழுகை அடுத்த மூன்று காம்பராக்களையும் எழுப்பும். இத்தனைக்கும் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அயலவர் சொன்னதில்லை. இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் மாஸ்டரிடம் யார் சென்று முறையிடுவார்? 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் ஆக்கப்பெற்றுள்ளன. எனினும், மரியாதையினால் வாய்மூடி இருப்போரின் காதுகளுக்கு எந்த ஒழுங்குவிதியும் துணையாவதில்லை.

அவர்கள் வாய் திறவாமை ஆசிரியரை வருத்தியது. தாம் ஓசை எழுப்பும்போது பிறர் பேச்சடங்கிப் போதல் என்னும் பழைய ஏற்பாட்டில், தாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை அவர் அன்றுதான் கண்டார்.

முதலில் அவர் தமக்குத் தாமே ஒரு வாதம் கூறிப் பார்த்தார். தகரக் கூரையின்மேல் பெய்யும் பருவமழை ஸ்கூட்டரிலும் பேரொலி உடையதன்றோ? அதில் உறங்கும் குழந்தை இதில் ஏன் விழிக்க வேண்டும்? விஞ்ஞானம் கற்பித்தவராதலின் அவ்வாதத்தை அவரே உடைத்தார். இடையறாத ஓசைக்குச் செவி பழகிக்கொள்கின்றது. அமைதியின் நடுவே திடீரென எழுந்து உயரும் ஓசையே உறக்கத்தைக் கலைக்கின்றது. சூழவுள்ள அமைதிக்கும் புதிய ஓசைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிதோ, விழிப்பும் அவ்வளவு உறுதி. மேலும், தெளிந்த இரவுகளில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்றும் மேலே சற்று வெப்பமான காற்றும் தங்குகின்றன. மேல்நோக்கிச் செல்லும் ஒலி அவ்வெப்பக் காற்றில் வளைந்து மீண்டும் நிலத்தை நோக்கி இறங்குகின்றது. பகலில் கேளாத தொலைவிலுள்ள ஓசை இரவிற் கேட்பதற்கு இதுவே ஏது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018 இல் வெளியிட்ட வழிகாட்டல், தெருப் போக்குவரத்தின் இரவு நேரச் சராசரி ஒலி வீட்டுக்கு வெளியே 45 டெசிபெலுக்குக் குறைவாயிருத்தல் நன்று என்கின்றது. மேட்டு லயத்தின் மாசி மாத இரவு அவ்வளவிலும் அமைதியானதாகவே தோன்றும், ஸ்கூட்டர் வரும்வரையில்.

ஆகவே ஓசையைக் குறைப்பதெனத் தீர்மானித்தார். சந்தியில் முச்சக்கர வண்டியுடன் நிற்கும் இளைஞர் ஒருவர் எளிய வழியொன்றைக் கூறினார்: சைலன்சரின் வால்குழாயினுள் பாத்திரம் தேய்க்கும் இரும்புப் பஞ்சைத் திணித்து, ஒரு கம்பியினால் இறுக்கிவிட்டாற் போதும். ஆசிரியர் அவ்வாறே செய்தார். ஓசை சற்று அடங்கிற்று. ஆனால் இரண்டாம் நாள், ஏற்றத்தின் நடுவழியில் எஞ்சின் கொதித்து, வலுவிழந்து நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அது கரியும் எண்ணெயும் படிந்து நனைந்திருந்தது.

இவ்வாறு நேர்ந்தமைக்குரிய காரணம் ஈரடிப்பு எஞ்சினின் இயல்பிலே உள்ளது. நாலடிப்பு எஞ்சினில் சுழல்தண்டு இருமுறை சுற்றுவதற்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கின்றது. ஈரடிப்பு எஞ்சினிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 4000 சுற்றுகள் எனக் கொண்டால், முன்னதில் செக்கனுக்கு ஏறத்தாழ 33 வெடிப்புகளும் பின்னதில் 67 வெடிப்புகளும் நிகழும். அன்றியும், இவ்வகை ஈரடிப்பு எஞ்சினில் கழிவு வாயுவை வெளிவிடத் தனியான வால்வு இல்லை. சிலிண்டரின் சுவரில் ஒரு துளை உண்டு. கீழிறங்கும் பிஸ்டன் அத்துளையைத் திறந்தவுடன், அழுத்தம் தணியாத வாயு சடுதியாகப் பாய்ந்து வெளியேறுகின்றது. அதன் பின்னாலேயே புதிய எரிபொருட்கலவை உள்ளே புகுந்து, எஞ்சிய புகையைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். உறிஞ்சுவதற்கும் வெளியேற்றுவதற்கும் தனித்தனி அடிப்புகள் இல்லாத இவ்வெஞ்சினில், வெளிவழி அடைபட்டால் உள்வழியும் அடைபடும். பழைய புகை உள்ளே தங்க, புதிய கலவை புகமுடியாமற் போக, வலு குன்றி வெப்பம் ஏறும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாதெனில், ஈரடிப்பு எஞ்சினுக்குப் புகைக்குழாய் வெறும் இணைப்பன்று; எஞ்சினின் ஓர் உறுப்பே ஆகும். இவ்வுண்மையை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்களுள் முதன்மையானவர் கிழக்கு ஜேர்மனியின் வால்ட்டர் காடன் என்னும் பொறியியலாளர். 1950களில் எம்.இசட். நிறுவனத்தின் பந்தய மோட்டார் சைக்கிள்களைச் செப்பனிட்ட அவர், விரிந்து பின் ஒடுங்கும் குழாய் ஒன்றினுள் ஒலியலையைத் திருப்பி அனுப்பி, வெளியே நழுவும் புதிய கலவையை மீண்டும் சிலிண்டரினுள் தள்ளும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1961 இல் அவருடைய 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 25 குதிரைவலுவைத் தந்தது. அவ்வாண்டிலேயே அவ்வணியின் ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் கிழக்கு ஜேர்மனியைத் துறந்து சுசுக்கி நிறுவனத்திடம் சென்றார். 1962 இல் அந்நிறுவனத்துக்கு 50 கன சென்ரிமீற்றர் பிரிவில் உலக வாகையைப் பெற்றுக் கொடுத்தார். ஒரு குழாயின் வடிவத்தில் அத்துணைப் பெறுமதி அடங்கியிருந்தது. சைலன்சரைக் கழற்றிவிட்டாலோ துளையிட்டாலோ வேகம் கூடும் என நம்பும் இளைஞர் இதனைச் சிந்தித்தல் தகும். ஓசை கூடும்; வலு பெரும்பாலும் குறையும்.

பஞ்சை நீக்கிய ஆசிரியர், ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரை ஹட்டனிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு சென்றார். அவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் எஞ்சினை இயக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பின்னர் எஞ்சின் சூடேறுமுன் சவர்க்கார நீரைத் தூரிகையில் தோய்த்து, குழாய் இணைப்புகளில் தடவினார். இரண்டு இடங்களில் நுரை கொப்புளித்தது.

“மாஸ்டர், இது ஒரு சத்தம் இல்ல, நாலு சத்தம் சேர்ந்து வருது. ஒவ்வொண்ணா எடுக்கணும்” என்றார்.

அவர் குறிப்பிட்ட நான்கும் பின்வருமாறு. ஒன்று, சிலிண்டருக்கும் புகைக்குழாய்க்கும் இடையிலுள்ள கஸ்கட் எரிந்து போயிருந்தது. சைலன்சரை அடையுமுன்னரே வாயு அவ்வழியாக வெடித்து வெளியேறியது. காதைத் துளைக்கும் கூரிய ஓசை அங்கிருந்தே வந்தது. இரண்டு, சைலன்சரின் அடிப்புறம் துருவேறி ஓட்டையாயிருந்தது. எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகின்றது. குறுந்தூரப் பயணங்களில் சைலன்சர் போதிய அளவு சூடேறாமையால் அந்நீராவி உள்ளேயே நீராகத் தங்கி, இரும்பை உள்ளிருந்து தின்கின்றது. வெளியிலிருந்து வட்டவளையின் மழை தின்றது. மூன்று, காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும் ஓசையும் ஓர் ஓசையே என்பதைப் பலர் அறியார். நான்கு, எஞ்சினைத் தாங்கும் இறப்பர்கள் வெடித்துப் போயிருந்தன. எஞ்சினின் அதிர்வு தகட்டு உடலுக்குத் தாவி, உடல் முழுவதும் ஒரு தப்பைப்போல அதிர்ந்தது.

ஓசைகளைக் கூட்டும் கணக்கும் இங்கு நோக்கத்தக்கது. டெசிபெல் சாதாரண எண்களைப்போலக் கூட்டப்படுவதில்லை. சமமான இரண்டு ஓசைகள் சேர்ந்தால் அளவு 3 டெசிபெலே உயரும். அவற்றுள் ஒன்றை நீக்கினால் 3 டெசிபெலே தாழும். ஆதலின் பல வாயில்களால் வரும் ஓசையில் ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு, ஏன் குறையவில்லை என்று சலிப்பதிற் பயனில்லை. மிகப் பெரியதை முதலிலும் அடுத்ததைப் பின்னருமாக எல்லாவற்றையும் நீக்கினாலே செவி வேறுபாட்டை உணரும்.

சைலன்சரைக் கழற்றியபோது அதன் உட்புறம் கரியினால் பாதி அடைபட்டிருந்தது. மெக்கானிக் ஆசிரியரை நோக்கி, பெற்றோலுக்கு எவ்வளவு எண்ணெய் கலப்பது என்று கேட்டார். எஞ்சினுக்கு நல்லதென எண்ணி ஒரு மூடி கூடுதலாகவே ஊற்றுவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அந்த எஞ்சினுக்கு வேண்டியது நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் மாத்திரமே. மிகுதியாக ஊற்றிய எண்ணெய் புகையாகவும் கரியாகவும் மாறிற்று. இவ்வகை எஞ்சின்களின் புகையே அவற்றுக்கு எதிரான பெருங்குற்றச்சாட்டாகவும் அமைந்தது. 2008 இல் இலங்கை ஈரடிப்பு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. கணிதம் கற்பித்த மனிதர் இருபது மில்லிலீற்றரை அளக்காது கைமதிப்பில் ஊற்றியதை எண்ணி நாணினார்.

புதிய சைலன்சர் கிடைக்கவில்லை; கிடைத்தாலும் விலை தாங்காது. பழையதைத் தீயில் வாட்டிக் கரியைத் தட்டி உதிர்த்து, ஓட்டை விழுந்த பகுதியை வெட்டியெடுத்து வேறு தகடு வைத்து ஒட்டுவதாக மெக்கானிக் கூறினார். இறப்பர்கள் கொழும்பிலிருந்து வர வேண்டும், மூன்று வாரமாகலாம். அதுவரை ஓடுவதற்குப் பழைய சைலன்சரையே தற்காலிகமாகப் பூட்டிக் கொடுத்தார்.

அந்த மூன்று வாரங்களே ஆசிரியருக்குச் சோதனையாயின. வகுப்பை நிறுத்துவதற்கில்லை, பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நடந்து செல்ல முழங்கால் இடம் தரவில்லை. ஸ்கூட்டர் ஏறினால் குழந்தை விழிக்கும். முதல் நாள் இரவு அவர் மேட்டு லயத்துக்குக் கீழேயுள்ள முடக்கில் எஞ்சினை நிறுத்தினார். சற்று நேரம் அதன்மேல் அமர்ந்தே இருந்தார். பின்னர் இறங்கினார். இரு கைகளாலும் பிடித்து ஏற்றத்தில் தள்ளத் தொடங்கினார்.

ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள ஸ்கூட்டரை அறுபத்தெட்டு வயதுடைய ஒருவர் அவ்வேற்றத்தில் தனியே தள்ளுதல் கடினம். பத்து அடி ஏறுமுன் மூச்சு வாங்கிற்று. அப்போது தேயிலைச் செடிகளுக்கிடையே குறுக்குப் பாதையால் வந்த மாணவர் நால்வர், டோர்ச் வெளிச்சத்தில் அவரைக் கண்டனர். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இருவர் பின்புறத்தைத் தாங்கினர். ஒருவன் பக்கத்தைப் பிடித்தான். பன்னிரண்டு வயதுச் சிறுவன் டோர்ச்சை முன்னால் காட்டினான். லயத்தின் இஸ்தோப்புகள் இருண்டு கிடந்தன. டயர் கல்லில் அரைபடும் ஓசையைத் தவிர வேறு ஓசை எழவில்லை. தந்தையாரின் முதுகு ஆசிரியரின் நினைவில் வந்தது. அவர் எவருக்கு அஞ்சி இறங்கினாரோ அவர் பங்களாவில் இருந்தார். இன்று இறங்கியதோ, பத்தடிக் காம்பராவில் உறங்கும் ஒரு குழந்தைக்காக. இறங்குமாறு யாரும் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை நினைத்தபோது, தாம் தமக்கு விதித்துக்கொண்ட விதியை மீறிவிட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. மூன்று வாரமும் அவ்வாறே சென்றது. மாணவர் முடக்கில் காத்து நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டனர்.

பங்குனி மாத முடிவில் திருத்தம் நிறைவுற்றது. புதிய கஸ்கட், இறுக்கமான கிளாம்ப், ஒட்டுப்போட்ட சைலன்சர், புதிய இறப்பர்கள், பொருந்திய மூடி. நீண்ட இறக்கங்களில் விசையை முற்றாக மூடி, கியரிலேயே நெடுந்தூரம் உருளவிட வேண்டாம் எனவும் மெக்கானிக் எச்சரித்தார். ஈரடிப்பு எஞ்சினுக்கு எண்ணெய் பெற்றோலோடுதான் செல்கின்றது. பெற்றோல் நின்றால் எண்ணெயும் நிற்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் ஆகாது. மலைப்பாதையில் அது ஆபத்து.

ஆசிரியர் இத்திருத்தத்தை ஒரு பாடமாக்கினார். ஒலியை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. எனவே திருத்தத்துக்கு முன் ஒரு மாலையும் பின் ஒரு மாலையும், மாணவரைக் கோயிலிலும் மதகிலும் முடக்கிலும் நிறுத்தி, ஸ்கூட்டர் வரும்போது எவ்விடத்தில் முதன்முதலாகக் கேட்கின்றது என்பதைக் குறிக்கச் செய்தார். திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போது ஓசை 6 டெசிபெல் தாழும் என்பது கணக்கு. கேட்கும் தூரம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகச் சுருங்கியிருப்பதைக் கண்ட மாணவர், ஓசை 12 டெசிபெல் அளவில் குறைந்திருக்கலாம் எனக் கணித்தனர். மலையும் காற்றும் அக்கணக்கைப் பிறழச் செய்யும் என்பதையும் அவர் எழுதச் சொன்னார்.

ஓர் இழப்பும் நேர்ந்தது. மாலையில் ஸ்கூட்டர் இறங்கி வரும் ஓசையைக் கேட்டே பிள்ளைகள் வகுப்புக்குக் கூடுவது வழக்கம். திருத்திய பின் முதல் நாள் ஆசிரியர் மண்டபத்தில் தனியே பத்து நிமிடம் அமர்ந்திருக்க நேர்ந்தது. மறுநாள் தொடக்கம், வகுப்புக்கு முன் கோயில் மணியை ஒருமுறை அடிக்கும் பொறுப்பு அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைக்கப்பெற்றது. பனி மூடிய முடக்குகளில் எதிரே வருவோர்க்கு எஞ்சின் ஓசை எச்சரிக்கையாயிருந்ததும் போயிற்று. அதற்கு ஹோர்னைச் சுருக்கமாக ஒலித்தார்.

திருத்திய ஸ்கூட்டரில் திரும்பிய முதல் இரவு, மாணவர் வழக்கம்போல் முடக்கில் காத்து நின்றனர். இனித் தள்ள வேண்டியதில்லை என்று கூறிவிட்டு அவர் மெதுவாக ஏறிச் சென்றார். அவர்கள் உடனே கலையவில்லை. ஓசை எவ்விடத்தில் மறைகின்றது என்று கேட்டுக்கொண்டு நின்றனர்.

இரண்டு நாள் கழித்துப் பீலிக்கரையில் சிறுவனின் தாய் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆசிரியர் கடந்து செல்லும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“நேத்து நீங்க வந்தது தெரியல சேர்.”

“முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை” என்றார் அவர்.

அவள் சிரித்தாளேயன்றி விடை கூறவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

மே மாதத்தில் மழை வந்தது. தகரக் கூரைகள் மீண்டும் முழங்கத் தொடங்கின. அப்பெரும் ஓசையில் ஸ்கூட்டர் எவ்வளவு இரைந்தாலும் யாருக்கும் கேட்டிராது. எனினும் ஆசிரியர் ஞாயிறுதோறும் சாக்கொன்றை விரித்துப் படுத்து, கிளாம்பின் இறுக்கத்தையும் ஒட்டுப்போட்ட தகட்டையும் தொட்டுப் பார்த்தார். எண்ணெயை மருந்துக் குப்பியின் மூடியால் அளந்து ஊற்றினார். ஸ்கூட்டரின்மேல் பழைய தார்ப்பாய் ஒன்று போர்த்தப்பெற்றிருந்தது.